ஒரிஜினல் எது? குற்றாலத்து டி.கே.சி. கதை

போன செமஸ்டர் லீவில் நான் ஏமாந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. எங்க வீட்டிலேயே எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.

இன்டர்ன்ஷிப்பில் வந்த பணத்தைச் சேர்த்து வைத்து, ஆன்லைன் ஏலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்தேன். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982இல் இங்கிலாந்தில் சிங்க்ளேர் கம்பெனி வெளியிட்டது. ரப்பர் கீ, கருப்புப் பெட்டி, நம்ம ரெக்கார்டு நோட்டை விடச் சின்னது. டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு கேம் ஏற்ற வேண்டும். விற்றவர் 1983 மாடல், உள்ளே தொடவே இல்லை, எல்லாம் ஒரிஜினல் என்று எழுதியிருந்தார். போட்டோ ஆறு இருந்தது. ஆறும் வெளிப்பக்கம் மட்டும். அப்பவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உண்மையான ஆள் முதலில் பெட்டியைத் திறந்து போர்டைத்தான் காட்டுவார்.

தென்காசியில் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகிற ரிப்பன் துணி மாதிரி வளைந்தது. நாற்பது வருஷப் பழைய ரிப்பன் என்றால் காய்ந்த ஓலை மாதிரி இருக்கும், தொட்டால் விரிசல் விடும். சரி, கீபோர்டை மட்டும் மாற்றியிருப்பாங்க என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்தது போர்டு. அந்தக் காலத்து ஸ்பெக்ட்ரத்தில் ஃபெர்ரான்டி கம்பெனி செய்த யு.எல்.ஏ. என்று ஒரு பெரிய சிப் இருக்கும். டிவியில் படம் காட்டுவதிலிருந்து கீபோர்டை வாசிப்பது வரை எல்லாம் அதன் வேலை. என் போர்டில் அது இல்லவே இல்லை. அதுக்குப் பதிலாக 74 சீரிஸ் லாஜிக் சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிப்பின் முதுகில் நான்கு இலக்கம் அச்சடித்திருப்பாங்க, பார்த்திருப்பீங்க. 8331 என்றால் 1983ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். என் சிப்புகளில் இருந்த இலக்கங்களைப் படித்தால், அவை நான் ஹைஸ்கூல் படித்த காலத்தில் பிறந்தவை.

இப்படி ஆசைக்காக புது போர்டு செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்காங்க. அதைப் புது போர்டு என்று சொல்லி விற்பதில் எந்தத் தப்பும் இல்லை. நானே வாங்குவேன். பழசு என்று சொல்லி விற்றதுதான் மோசடி. பழைய கம்ப்யூட்டருக்கு இவ்வளவு கிராக்கியா என்று கேட்டால், 1976இல் சுமார் 200 மட்டுமே செய்யப்பட்ட ஆப்பிள்-1 ஒன்று 2014இல் நியூயார்க் ஏலத்தில் 9 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த ஆசைதான் போலிக்கு முதலீடு.

நான் புலம்பிக்கொண்டிருந்ததை எங்க தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாதவர். கடைசியில், இதைத்தான் டி.கே.சி. கம்பராமாயணத்துக்குச் செய்தார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மூன்று புத்தகங்களை எடுத்து வந்து என் சால்டரிங் அயர்ன் பக்கத்தில் வைத்தார். கம்பர் தரும் ராமாயணம்.

டி.கே.சி. யாரென்று எனக்கு அன்றைக்கு வரை சரியாகத் தெரியாது. பெயர் தெரியும், அவ்வளவுதான். நீங்களும் என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் கேஸ் என்றால், வாங்க, சேர்ந்தே தெரிந்துகொள்வோம்.

டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882இல் பிறந்தவர். தென்காசிக் குடும்பம். தென்காசியிலும் திருச்சியிலும் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சட்டமும் படித்தார். ஆனால் கருப்பு கோட்டில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. ஷேக்ஸ்பியரையும் ஷெல்லியையும் ஆழ்ந்து படித்த ஆள். அந்தக் காலத்தில் அப்படிப் படித்தவர்கள் பலர் தமிழ் என்றாலே முகம் சுளிப்பார்கள். இவர் தலைகீழ். இங்கிலீஷ் கவிதையை ரசிக்கக் கற்றுக்கொண்ட அதே காதை எடுத்து வந்து தமிழ்ப் பாட்டின் மேல் வைத்தார். பிள்ளைகளுக்குத் தமிழில்தான் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் எழுத்தில் ஒரு பக்கம் வாசிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது.

1927இல் சென்னை மாகாண சட்டசபை மேலவையில் உறுப்பினர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையில் கமிஷனர். பயோடேட்டாவில் போட வேண்டியவை இவை. ஆனால் அவர் பெயர் நின்றது இதனால் இல்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு நடுவில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். வக்கீல், வாத்தியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று கலவையான கூட்டம். டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார். சொல்வார். மறுபடி சொல்வார். ஒரு சொல்லில் நிறுத்தி, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று காட்டுவார். திரும்பவும் முழுப் பாட்டையும் சொல்வார். உரை இல்லை, இலக்கண விளக்கம் இல்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது கேட்டவர்களுக்குப் பாட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்று அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. ரசிகமணி என்ற பட்டமும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம்ம காலேஜில் லிட்டரரி கிளப் மீட்டிங்குக்கு சமோசா கொடுத்தும் பத்து பேர் வருவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் இவர் முக்கியமானவர். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று கிளம்பிய தமிழிசை இயக்கத்திலும் முன்னால் நின்றார். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது முதல் விழாவுக்குத் தலைமை இவர்தான்.

இனி, தாத்தா சொன்ன விஷயம்.

கம்பராமாயணம் ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. பிரிண்டிங் பிரஸ் வரும் வரை அது ஓலையில்தான் வாழ்ந்தது. ஓலை செல்லரிக்கும். அதனால் சில தலைமுறைக்கு ஒரு தடவை யாராவது பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், எர்ரர் கரெக்ஷன் இல்லாத ஒரு சேனலில் பல நூறு வருஷம் ஓடிய டேட்டா. அதிலும் ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓலை கிழிந்துவிடும். எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் தெரியாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். எழுதுகிறவர் தனக்குப் புரிந்தபடி எழுதுவார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புலவர்கள் தாங்களே பாட்டு எழுதி நடுவில் செருகிவிடுவதும் நடந்தது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் நிறையச் செருகினார் என்று ஒரு பேச்சு வழிவழியாக உண்டு. அதனால் கம்பனில் போலிப் பாட்டுக்கு வெள்ளிப் பாட்டு என்றே பெயர். செருகினவர்கள் காசுக்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பன் பெயரில் தன் பாட்டு வாழட்டும் என்ற ஆசையாக இருக்கலாம். பெட்டி கம்பனுடையது, போர்டு வேறு யாருடையதோ.

போலி இருக்கிறது என்பதில் அன்றைக்கு யாருக்கும் சண்டை இல்லை. எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சண்டை.

ஒரு வழி, ஓலைகளைச் சேகரித்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவது. எந்தப் பாட்டு எந்தப் பிரதியில் இருக்கிறது, எதில் இல்லை, இந்தச் சொல் எந்த நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது என்று பார்ப்பது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது ஓலைக்காகத்தான். திருநெல்வேலிக்காரரே ஆன எஸ். வையாபுரிப் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியர், சொல்லின் வயதைப் பார்த்து நூலின் வயதைச் சொன்னவர். இது சிப்பின் முதுகில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் படிக்கிற வேலை. பொறுமை வேண்டும், ஆதாரத்தை அடுத்தவனிடம் காட்ட முடியும்.

டி.கே.சி.யின் வழி வேறு. அவர் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். கம்பனின் பாட்டில் உணர்ச்சியும் ஓசையும் ஒரே உடம்பு, இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு பாட்டு தடுக்கினால், வெறும் சொல் ஜாலமாக இருந்தால், கதை துடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் குறுக்கே வந்து உட்கார்ந்து வர்ணனை செய்தால், அது கம்பன் இல்லை. தள்ளு.

எனக்கு இதில் முதலில் மரியாதைதான் வந்தது. பழைய கம்ப்யூட்டர் விஷயத்திலும் அனுபவசாலிகள் அப்படித்தான். இலக்கத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே, போட்டோவைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். சால்டரின் பளபளப்பு, பிளாஸ்டிக்கின் நிறம், எழுத்தின் தடிமன். ஆயிரம் ஒரிஜினலைப் பார்த்த கண்ணுக்குத்தான் அது வரும். டி.கே.சி. வாழ்நாள் முழுக்க கம்பனைக் கேட்டவர். அந்தக் காது சும்மா வந்ததில்லை.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பத்தாயிரத்துச் சொச்சத்தில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார். அவர் கையில் மிஞ்சியது ஒரு சிறு பங்கு. அதோடு, மிஞ்சிய பாட்டுகளிலும் சில சொற்கள் ஏடு எழுதினவன் கெடுத்தவை என்று தோன்றிய இடங்களில் தானே மாற்றினார். கம்பன் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று. ஓலையில் இல்லாத சொல். இங்கேதான் தமிழறிஞர்கள் கொதித்தார்கள். எனக்கும் இங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து, பிடிக்காத பார்ட்டைக் கழற்றிப் போட்டு, இன்னும் நன்றாக ஓடுகிற பார்ட்டை வைத்து, இதுதான் அசல் வடிவம் என்று சொன்னால் அதை என்னவென்று சொல்வது? ஏமாற்று என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. மேடையில் பகிரங்கமாகச் சொன்னார், தன் பெயரைப் போட்டு அச்சிட்டார், எதிர்ப்பு வந்தபோதும் பின்வாங்கவில்லை. ஆனால் காதுக்கும் ஒரு காலம் உண்டு இல்லையா? இருபதாம் நூற்றாண்டில் ஷெல்லி படித்த ஒரு காதுக்கு அலுப்பாகத் தெரிகிற வர்ணனை, அந்தக் காலத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து கதை கேட்டவனுக்கு விருந்தாக இருந்திருக்கலாம். கம்பனே சில நாள் சுமாராக எழுதியிருக்க மாட்டானா? நல்ல பாட்டெல்லாம் கம்பன், சுமார் பாட்டெல்லாம் வேறு ஆள் என்றால், அசல் என்ற சொல்லுக்கே நல்லது என்று அர்த்தம் மாறிவிடுகிறது. என் போலி ஸ்பெக்ட்ரம் அசலை விட நன்றாக ஓடுகிறது, தெரியுமா. சூடே ஆவதில்லை.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டி.கே.சி. இல்லாவிட்டால் கம்பன் பண்டிதர் வீட்டுப் பரணில் கிடந்திருப்பான், தன்னை மாதிரி போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா கைக்கு வந்திருக்க மாட்டான் என்றார். அதுவும் உண்மைதான். அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்க. பாட்டைச் சந்தி பிரித்து, மூச்சு விடுகிற இடம் தெரிகிற மாதிரி வரி உடைத்துப் போட்டிருக்கிறார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக அகராதி இல்லாமல் ஒரு கம்பன் பாட்டைப் படித்துப் புரிந்துகொண்டது அதில்தான். அவர் எடுத்த ரிஸ்க்கினால் லாபம் அடைந்தவர்களில் நானும் ஒருத்தன். திட்டுகிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை.

பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்துவிட்டார். வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி வருவார், கல்கி வருவார். சீசன் நேரத்தில் காலையில் அருவிக்குளியல், அப்புறம் சாப்பாடு, அப்புறம் கம்பன். அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் அவர் நண்பர்கள் எழுதியதைத் தொகுத்தால் ஒரு சமையல் புத்தகம் தேறும். கி. ராஜநாராயணன் இடைசெவலிலிருந்து வந்து போனவர், டி.கே.சி.யைப் பற்றி எழுதி அலுக்காதவர். வந்தவர்களுக்குப் பேச்சு, வராதவர்களுக்குக் கடிதம். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. இதற்கு நடுவில் மகன் தீத்தாரப்பன் சின்ன வயதிலேயே இறந்துபோனார். கவிமணி அதற்கு இரங்கல் பாட்டு எழுதினார். அந்தத் துக்கத்தையும் பாட்டைச் சொல்லித்தான் டி.கே.சி. கடந்தார் என்கிறார் தாத்தா. இருக்கலாம்.

1954 பிப்ரவரி 16ஆம் தேதி குற்றாலத்தில் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கம்பனை ஓலைகளோடு ஒப்பிட்டுப் பதிப்பிக்கிற வேலையை அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், பிறகு கோவை கம்பன் கழகமும் எடுத்துச் செய்தன. சந்தேகமான பாட்டுகளை அவர்கள் தூக்கி எறியவில்லை, நடுவிலும் விட்டு வைக்கவில்லை. மிகைப் பாடல்கள் என்று பெயர் கொடுத்துத் தனியாகச் சேர்த்தார்கள். வேண்டுமென்றால் போய்ப் படித்துக்கொள்ளலாம். நாளைக்கு யாராவது ஒரு பழைய ஓலையைக் கண்டுபிடித்து, இது கம்பனுடையதுதான் என்று நிரூபித்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கழற்றின பார்ட்டை ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, பெட்டிக்குள்ளேயே வைக்கிற மெக்கானிக் மாதிரி.

இதை நினைக்கும்போது எங்க ஊர்க் கோபுரம் ஞாபகம் வருகிறது. காசி விஸ்வநாதர் கோயிலை பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். ராஜகோபுரம் இடையில் பாழாகி, பல காலம் மொட்டையாகவே நின்றது. இப்போது நாம் செல்ஃபி எடுக்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் எழும்பியது. ஊரில் யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. எப்போது கட்டியது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் மறைக்கவும் இல்லை. அந்தப் பாண்டியன் முன்கூட்டியே ஒரு கல்வெட்டு வேறு வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு எப்போதாவது குறை வந்து, அதை யார் சரிசெய்தாலும், அவர்களை உலகம் அறியப் பணிகிறேன் என்று. ஒரு ராஜா, தனக்குப் பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ரிப்பேர்காரனுக்குக் கும்பிடு போட்டிருக்கிறான்.

என் ஸ்பெக்ட்ரத்தை ஏலத்தில் திருப்பி விட்டுவிடலாம் என்று ஹாஸ்டலில் நண்பன் யோசனை சொன்னான். விற்றவர் எழுதிய அதே வரியை நானும் காப்பி பேஸ்ட் செய்தால் போதுமாம். போட்ட காசு வந்துவிடும். அந்த மாதம் மெஸ் பில் வேறு பாக்கி. ஒரு ராத்திரி நிஜமாகவே யோசித்தேன், மறைக்க விரும்பவில்லை. காலையில் எழுந்து, பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். போர்டு புதிது, கீபோர்டு புதிது, பெட்டி மட்டும் பழசாக இருக்கலாம், இன்ன தேதியில் திறந்து பார்த்தேன். இனி இதை யாருக்கும் பழசு என்று விற்க முடியாது, நானே நினைத்தாலும்.

நீங்கள் இந்த மாதிரி எதையாவது ஏலத்தில் எடுக்கப் போனால், பணம் கட்டுவதற்கு முன்னால் உள்பக்கப் போட்டோ கேளுங்க. சிப் இலக்கம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுத்தது. கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்க. ஒன்றிரண்டு சிப் பெட்டியை விடப் புதிதாக இருந்தால் பதறாதீங்க, அது ரிப்பேராக இருக்கும், விற்பவரிடமே கேளுங்க. எல்லாமே புதிதாக இருந்தால் என் கதைதான். யாரிடமிருந்து யாரிடம் கைமாறி வந்தது என்றும் கேளுங்க. இதெல்லாம் செய்தும் மனசு ஒட்டவில்லை என்றால், அந்தக் காதையும் கொஞ்சம் நம்புங்க.

கடைசியாக ஒன்று. பரீட்சைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் எங்க ஆச்சி என் தலையில் கை வைத்து, கம்பராமாயணம் படிக்கத் தொடங்கும் முன் சொல்கிற ஒரு தனியனைச் சொல்லுவாங்க. எல்.கே.ஜி.யிலிருந்து நடக்கிறது. இந்தத் தனியன்கள் கம்பன் எழுதியவை இல்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். கம்பன் இல்லாவிட்டால் வேறு யாரோ ஒரு நல்லவன் எழுதியிருப்பான், நீ ஹால் டிக்கெட்டை எடுத்தியா என்று கேட்டாங்க. எடுக்க மறந்திருந்தேன்.